குறைந்த செலவில் டர்போ எஞ்சின்: உள்ளே எதை மாற்றுவது, எதை விடுவது?

டர்போ இல்லாமல் வந்த நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ போட வேண்டும், கையில் பணம் குறைவு, உள் பாகங்களில் எதை மாற்றியே ஆக வேண்டும், எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு எஞ்சினைக் கெடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். 1.8 லிட்டர் எஞ்சின். உள்ளே எதையும் தொடவில்லை, இருந்த பணமெல்லாம் டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் போய்விட்டது. ஒரு மாதம் பிரமாதமாக ஓடியது. நல்ல வெயில் நேரத்தில் நாலாவது கியரில் காலை எடுக்காமல் மிதித்தபோது பின்னால் புகை, நிறுத்தி பானெட்டைத் திறந்தால் ஆயில் டிப்ஸ்டிக் குழாயை விட்டு எகிறி நிற்கிறது. மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் பாதிகூட இல்லை. பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால் மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரம்பு ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது, மேல் ரிங்கின் இரண்டு முனைகளும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன. அந்தப் பளபளப்புதான் துப்பு: சூட்டில் ரிங் நீண்டு, முனையோடு முனை முட்டி, அதற்கு மேல் விரிய இடமில்லாமல் சிலிண்டர் சுவரில் இறுகி, பிஸ்டனின் வரம்பையே பிய்த்துவிட்டது.

ஆகவே முதல் வேலை ரிங் இடைவெளி, அதாவது ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே விடும் இடம். தெருவில் ஓட்டும் டர்போ எஞ்சினுக்கு மேல் ரிங்கில் போர் (சிலிண்டர் துளை) விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 0.005 மி.மீ. என்பது பழைய கணக்கு. 84 மி.மீ. போர் என்றால் 0.42 மி.மீ. பிஸ்டனோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அந்தத் தாளையே நம்புங்கள். கொஞ்சம் அதிகமாக விட்டால் சிறிது ஆயில் குடிக்கும், அவ்வளவுதான். குறைவாக விட்டால் என் கதை. ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் லாரி வி8 எஞ்சினைப் பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து, பழைய பிஸ்டனை வைத்துக்கொண்டே ரிங் முனைகளை மட்டும் அரம் போட்டு டர்போ ஏற்றுகிறவர்கள் ஏராளம். அவர்கள் ரகசியமே இதுதான்.

அடுத்தது கனெக்டிங் ராடு, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு. இங்கே பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு: ராடை வளைப்பது டார்க் (எஞ்சினின் திருப்பு விசை), அதன் போல்ட்டை அறுப்பது ஆர்பிஎம். சின்ன டர்போ போட்டு 3000 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) கொடுத்தால், மொத்தக் குதிரைத்திறன் குறைவாக இருந்தாலும் மெல்லிய ராடு வளையும். போல்ட்டை இழுக்கும் விசையோ வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, 6500-ஐ 7500 ஆக்கினால் சுமார் 33 சதவீதம் கூடுதல். அதனால் ஆர்பிஎம் எல்லையைத் தொடாதீர்கள், பூஸ்ட்டை மெதுவாக ஏறவிடுங்கள், இரண்டுக்கும் காசு கிடையாது. பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் நான் முதலில் வாங்குவது 4340 எஃகில் செய்த எச்-பீம் ராடு, தரமான போல்ட்டோடு. பிஸ்டன் உடைந்தால் ஒரு சிலிண்டரோடு போகலாம், ராடு அறுந்தால் பிளாக்கையே துளைத்து ஜன்னல் வைத்துவிடும்.

பிஸ்டன் விஷயத்தில் ஃபோர்ஜ்டு (வார்க்காமல், அழுத்தி அடித்துச் செய்தது) என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். 4032 அலாய் சிலிக்கான் அதிகம் உள்ளது, குறைவாக விரியும், குளிரில் சத்தம் போடாது, தினமும் ஓட்டும் வண்டிக்குப் பொருத்தம். 2618 அடி தாங்கும், ஆனால் அதிகம் விரிவதால் சிலிண்டரில் கூடுதல் இடம் விட வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டொக் டொக் என்று கேட்கும். இரண்டில் எதை வாங்கினாலும் டியூனிங் மோசமாக இருந்தால் கொஞ்சம் தாமதமாக உடையும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிராங்க் பெரும்பாலும் கம்பெனியில் வந்ததே போதும். கேம்ஷாஃப்ட்டுக்கு இப்போது ஒரு காசுகூட வேண்டாம்.

அந்தக் காசைப் போரிங் பட்டறைக்குக் கொடுங்கள். ஹெட் இருக்கும் இடத்தில் கனமான தகட்டை முறுக்கிவைத்து ஹோனிங் (சிலிண்டர் உட்சுவரைத் தேய்த்து அளவாக்குவது) செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் ஹெட் போல்ட்டை இறுக்கியதும் சிலிண்டர் லேசாக வடிவம் மாறும். பேரிங் இடைவெளியைக் கூடவே நின்று அளக்கச் சொல்லுங்கள். ஜர்னல் (கிராங்க்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு, 48 மி.மீ. ஜர்னலுக்கு 0.048 மி.மீ. பல அடுக்கு எஃகு ஹெட் கேஸ்கெட் போடுவதாக இருந்தால் ஹெட்டும் பிளாக்கும் வழவழப்பாகச் சீவப்பட்டிருக்க வேண்டும், சொரசொரப்பாக இருந்தால் கசியும்.

சரி, இன்னொரு வழியும் இருக்கிறது, உண்மையில் அதுதான் மலிவு: தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த எஞ்சினைத் தேடுவது. வால்வோவின் பி230எஃப்டி மாதிரி. கம்ப்ரஷன் குறைவாகவே வரும், பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் குழாய்கள் பல மாடல்களில் இருக்கும். ஆனால் வருடத்தைப் பாருங்கள், அந்த வால்வோவில் 1990க்கு முந்தையவற்றில் ராடு மெலிசு.

கட்டி முடித்த பிறகு முதல் சில ஓட்டங்களில் குறைந்த பூஸ்ட்டில் ஓட்டி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை சீராக எரியாமல் தானாக வெடிக்கிறது. அவற்றில் சில வெளிச்சத்தில் மின்னினால் அது பிஸ்டனின் அலுமினியம். உடனே நிறுத்துங்கள், இக்னிஷன் டைமிங்கைக் குறைத்து, பெட்ரோல் போதுமா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுங்கள். என் பழைய எஞ்சினின் மூன்றாவது பிளக்கை நான் பார்த்ததே பிஸ்டன் உடைந்த பிறகுதான்.