கடை நம்முடையது, கல்லா யாருடையது?

கேள்வி: படைப்பாளிகளே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் கூட்டுறவு நிதித் தளங்கள் வெளிநாடுகளில் இருப்பதாகப் படித்தேன். வயது வந்தோருக்கான ஓவியங்களுக்கும் கதைகளுக்கும், ரசிகர்கள் மாதச் சந்தா கட்டிப் படைப்பாளிகளை ஆதரிக்கும் பேட்ரியான் போன்ற தனியார் தளங்கள் விதிக்கும் கட்டுப்பாடுகள் அங்கே இருக்காது அல்லவா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் இருக்கும். அந்தக் கட்டுப்பாடுகளில் பல, தளத்தின் உரிமையாளர் தாமாக நினைத்து விதித்தவை அல்ல. அவருக்கு மேலே இருக்கும் கார்டு நிறுவனங்களிடமிருந்தும் வங்கிகளிடமிருந்தும் இறங்கி வருபவை. உரிமையாளர் ஒருவராக இருந்தாலும் உறுப்பினர்கள் ஆயிரம் பேராக இருந்தாலும் அவை ஒரே மாதிரிதான் வந்து சேரும்.

அமெரிக்காவில் ஒரு வாசகி தமக்குப் பிடித்த ஓவியருக்கு மாதம் 5 டாலர் சந்தா கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவர் கார்டு எண்ணைப் பதிந்ததும், அந்த விவரம் முதலில் ஸ்ட்ரைப் போன்ற ஒரு பேமென்ட் நிறுவனத்துக்கும், பிறகு தளத்தின் சார்பில் பணம் பெறும் வங்கிக்கும், அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக வாசகியின் வங்கிக்கும் போய், ஒப்புதல் பெற்றுத் திரும்புகிறது. சில நொடிகளில் முடியும் இந்தப் பயணத்தில் எந்த ஒருவர் கையை விரித்தாலும் ஓவியருக்குப் பணம் வராது. ஸ்ட்ரைப் அங்கே வழக்கமாக வாங்கும் கட்டணம் 2.9 விழுக்காடும் அதற்கு மேல் 30 சென்ட்டும் ஆகும். 5 டாலரில் ஏறத்தாழ 45 சென்ட் அதற்கே போய்விடுகிறது. அதே நிறுவனத்தின் தடைப் பட்டியலில், பாலுணர்வைத் தூண்டும் நோக்கில் அமைந்த படங்களோடு இலக்கியமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எழுத்தாளர்கள் இந்த வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாலியல் உள்ளடக்கத்தை ஏற்கும் பேமென்ட் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அவை இத்தொழிலை அதிக இடர் உள்ளதாக வகைப்படுத்திக் கூடுதல் விழுக்காடு வாங்குகின்றன. பணத்தைத் திரும்பக் கேட்டு வாடிக்கையாளர்கள் முறையிடக்கூடும் என்பதற்காக, வரவில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் பிடித்தும் வைக்கின்றன. விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் தனித்தனியே பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். பெரிய நிறுவனம் இதைத் தாங்கிக்கொள்ளும். சில நூறு உறுப்பினர்களின் பங்குத் தொகையில் நடக்கும் சங்கத்துக்கு அது பெரும் சுமை.

பொதுநோக்கில் நடத்தப்படும் தளத்துக்கும் இந்தப் பிடியிலிருந்து விலக்கு இல்லை என்பதற்கு லிபராபே ஒரு சான்று. அது கூட்டுறவுச் சங்கம் அன்று. படைப்பாளிகளுக்கு நன்கொடை திரட்டித் தரும், பிரான்சில் பதிவான, லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. 2018-இல் அதன் பணத்தைக் கையாண்டு வந்த மேங்கோபே நிறுவனம் விலகிக்கொண்டது. அந்தப் பிணக்கு பாலியல் உள்ளடக்கம் பற்றியதல்ல. இருந்தும், கொடையாளர்களும் படைப்பாளிகளும் அப்படியே இருக்க, தளம் தன் பணப் பாதை முழுவதையும் ஸ்ட்ரைப், பேபால் ஆகியவற்றின் வழியே மாற்றி அமைக்க நேர்ந்தது.

இதனால் கூட்டுறவு வீண் என்று நான் சொல்லவில்லை. கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து இயங்கும் ஸ்டாக்ஸி, புகைப்படக் கலைஞர்களுக்கே சொந்தமான கூட்டுறவு நிறுவனம். படங்களைப் பயன்படுத்தும் உரிமத்தை அது விற்கிறது. சாதாரண உரிம விற்பனையில் 50 விழுக்காட்டையும் விரிவான உரிம விற்பனையில் 75 விழுக்காட்டையும் படம் எடுத்தவருக்கே கொடுக்கிறது. கட்டணம் எவ்வளவு, லாபம் யாருக்கு, ஒருவரை நீக்கினால் அவர் யாரிடம் முறையிடுவது என்பவற்றையெல்லாம் உறுப்பினர்களே தீர்மானிக்க முடிவது சிறிய விஷயமன்று. கார்டு நிறுவனத்தின் முடிவுக்கு மட்டும் அவர்களுடைய வாக்கு எட்டுவதில்லை.

கேள்வி: பெண்களையும் குழந்தைகளையும் பாதுகாக்கத்தானே இந்த விதிகள்? இவற்றை ஏன் குறை சொல்ல வேண்டும்?
- வாசகி, மதுரை

பதில்: தங்கள் கேள்வியின் நியாயத்தை முழுமையாக ஏற்கிறேன். 2020 டிசம்பரில், போர்ன்ஹப் என்ற ஆபாசக் காணொளித் தளத்தில் சிறார் மீதான வன்கொடுமைக் காட்சிகள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்த சில நாள்களில் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே தம் கார்டுகளை நிறுத்தின. அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றியிருந்த லட்சக்கணக்கான காணொளிகளைத் தளம் உடனே நீக்கியது. பாதிக்கப்பட்டவர்களின் முறையீடுகள் பல ஆண்டுகளாகச் சாதிக்காததைக் கல்லாவை மூடிய ஒரு வாரம் சாதித்தது. அடுத்த ஆண்டு மாஸ்டர்கார்டு கொண்டுவந்த விதிகள், காட்சியில் இருப்பவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் கேட்டன. வெளியிடும் முன்பே உள்ளடக்கத்தைப் பரிசீலிக்கவும், புகார்களை ஏழு வேலை நாள்களுக்குள் தீர்க்கவும் சொல்லின. உண்மையான மனிதர்களைப் படம்பிடிக்கும் தொழிலுக்கு இவை தேவையான விதிகள் என்பதே என் கருத்து.

ஆனால் ஒருவர் தனியே அமர்ந்து வரைந்த சித்திரத்திலும் எழுதிய கதையிலும் சம்மதம் கேட்க வேண்டிய மனிதர் எவரும் இல்லை. 2012-இல் பேபால் நிறுவனம், மின்னூல் வெளியிடும் ஸ்மாஷ்வேர்ட்ஸ் தளத்திடம், முறையற்ற உறவு, வன்புணர்வு போன்றவற்றைக் கிளர்ச்சியூட்டும் விதத்தில் எழுதிய புனைகதைகளை நீக்கும்படி கேட்டது. அவற்றில் பல எனக்கும் உவப்பானவை அல்ல. எனினும் சட்டம் தடை செய்யாத எழுத்தை விற்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் பொறுப்பை எவரும் பேபாலிடம் ஒப்படைக்கவில்லை. எழுத்தாளர்களும் கருத்துரிமை அமைப்புகளும் எதிர்த்து எழுதியதால், சில வாரங்களில் அது பின்வாங்கியது.

2025 ஜூலையில் நடந்தது இதைவிடப் பெரிது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கலெக்டிவ் ஷவுட் அமைப்பினர், பாலியல் வன்முறையைச் சித்திரிக்கும் விளையாட்டுகளை எதிர்த்துப் பேமென்ட் நிறுவனங்களுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். அதையடுத்து, தனிப்பட்ட படைப்பாளிகள் சிறு விளையாட்டுகளையும் சித்திரக் கதைகளையும் விற்கும் இட்ச் தளம், வயது வந்தோருக்கானவை என்று குறிக்கப்பட்டிருந்த பக்கங்கள் அனைத்தையும் முன்னறிவிப்பின்றித் தேடலிலிருந்து மறைத்தது. குற்றச்சாட்டுக்கு ஆளானவை ஒரு வகை விளையாட்டுகள் மட்டுமே, மறைந்தவை ஆயிரக்கணக்கான பக்கங்கள். தம் படைப்பை நேர்மையாக வகைப்படுத்தியிருந்தவர்களே அந்தக் குறியீட்டால் அகப்பட்டுக்கொண்டார்கள் என்பது என்னை மிகவும் வருத்துகிறது. தம் பக்கம் எந்த விதியை மீறியது என்று அவர்கள் விசாவிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. ஏனென்றால் விசாவுக்கும் அவர்களுக்கும் நேரடி ஒப்பந்தமே கிடையாது.

கேள்வி: அப்படியானால் புதிதாகத் தொடங்கும் ஒரு கூட்டுறவுத் தளம் என்னதான் செய்ய முடியும்?
- வாசகர், கொழும்பு

பதில்: முதல் உறுப்பினரைச் சேர்ப்பதற்கு முன்பே, தன் பேமென்ட் நிறுவனத்தின் தடைப் பட்டியலை எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுதித் துணைவிதிகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பங்குத் தொகை கட்டிய பிறகு தம் ஓவியத்துக்கு இங்கே இடமில்லை என்று ஒருவர் அறிய நேர்வது பெரிய அநீதி. வயது வந்தோருக்கான படைப்புகளை ஏற்பதானால், அவற்றுக்குத் தனிப் பேமென்ட் கணக்கும், அதன் கூடுதல் செலவை யார் ஏற்பது என்பதில் பொதுப் பேரவையின் தீர்மானமும் தேவை. ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால், ஒருவருடைய படத்துக்காகச் சங்கம் முழுவதன் வரவும் முடங்கக்கூடும்.

மற்றது நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் நடக்க வேண்டியது. பாலியல் சேவை விளம்பரங்களும் வெளியான பேக்பேஜ் என்ற விளம்பரத் தளத்துக்குச் சேவை தருவதை நிறுத்தும்படி சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டி என்ற மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரிஃப் விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் கடிதம் எழுதியபோது, அது கருத்துரிமையை மீறும் மிரட்டல் என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு அரசு அதிகாரியின் கையைக் கட்டியதே தவிர, கார்டு நிறுவனம் தானாக எடுக்கும் முடிவைத் தொடவில்லை. காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டைக் கேட்க வேண்டும் என்ற கடமை அந்த நிறுவனங்களுக்கும் வர வேண்டும் என்று கேட்பதற்கு, தனித்தனியே நிற்கும் ஓவியர்களைவிட அவர்களுடைய சங்கத்துக்கு வலிமை அதிகம்.