கருந்துளை பேசும் மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கலாமா?

பிளஸ் டூ படிக்கும் மகள் எந்நேரமும் கருந்துளை, ஈர்ப்பு அலை என்றே பேசுகிறாள், ஃபிசிக்ஸ் எடுத்தால் டியூஷன்தான் எடுக்க வேண்டும் என்று மச்சான் பயமுறுத்துகிறார், நிலத்தை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், சார். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வேண்டாம். பிள்ளைக்கு மனம் ஒட்டாத படிப்புக்காகக் கடன் வாங்காதீர்கள். வட்டி கட்டப்போவது நீங்கள், மச்சான் இல்லை.

இன்ஜினியரிங் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் உண்டு. உங்கள் மகள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்பதை நான் சொல்கிறேன். ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு கொண்டது கருந்துளை. அப்படிப்பட்ட கனமான பொருள்கள் மோதும்போது அண்டவெளியில் பரவும் அதிர்வுதான் ஈர்ப்பு அலை.

2015 செப்டம்பர் 14 அன்று இந்த அலைகளைப் பிடிப்பதற்கென்றே அமைத்த அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதல்முறையாக ஓர் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வு அது. மோதலில் பிறந்த புதிய கருந்துளை கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அந்த மாதிரி அந்த அதிர்வைக் கொண்டு அது ஐன்ஸ்டைன் கோட்பாடு சொல்லும் கருந்துளைதானா என்று சோதிக்கிறார்கள். இப்படி அதிர்ந்து அடங்கும் என்று 1970-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் நம் நாட்டு இயற்பியலாளர் சி.வி. விஷ்வேஸ்வரா.

மோதலுக்கு முந்தைய அலையிலும் ஒரு சோதனை உண்டு. சுழலும் பொருள் நடுவில் பிதுங்கும், அந்தப் பிதுக்கம் அலையில் தடம் விடும். கருந்துளை என்றால் எவ்வளவு பிதுங்கும் என்பதை அதன் நிறையும் சுழற்சியுமே முடிவு செய்துவிடும். அளவு மாறினால் அது வேறு ஏதோ பொருள். இந்தச் சோதனையை 2017-இல் முன்வைத்த மூவரில் கே.ஜி. அருண் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். சந்திரகாந்த் மிஸ்ரா ஐஐடி மெட்ராஸில் இருக்கிறார். மகள் ஆசைப்படும் வேலை சென்னையிலேயே நடக்கிறது, சார்.

அந்த சிறுசேரி நிறுவனத்திலேயே கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத்தேர்வு, கேள்விகள் கணிதத்தில். இன்னொரு வழி ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பு, அதற்கு ஐசர்களின் நுழைவுத்தேர்வான ஐஏடி எழுத வேண்டும். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது. அப்புறம் பிஎச்டி. 2023 முதல் பிஎச்டி ஆய்வு மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பு அலை ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2023-இல் சுமார் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்த ஆராய்ச்சியில் தினசரி வேலையே பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவதும், இரைச்சலிலிருந்து அலையைப் பிரிப்பதும், புள்ளியியலும்தான். நாளைக்குத் துறை மாறினாலும் டேட்டா சயின்ஸ் கம்பெனிகள் கேட்பதும் இவற்றைத்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிஎச்டி முடித்து நிற்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். நிரந்தரப் பேராசிரியர் பணி எல்லோருக்கும் கிடைக்காது. நான்கே வருஷத்தில் அவள் சம்பாதித்தே ஆக வேண்டிய நிலை வீட்டில் இருந்தால், அதை இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அவளுக்கும் ஒரு வேலை உண்டு. லைகோ தரவுகளும் அவற்றை அலசும் பைதான் பாடங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு முடிந்ததும் 2015-இன் அந்த அலையை அவளே பிரித்தெடுத்துப் பார்க்கட்டும். கருந்துளைப் படங்கள் மட்டும்தான் பிடித்திருந்தனவா, அதன் கணக்கும் பிடிக்கிறதா என்பது அவளுக்கே தெரிந்துவிடும். கணக்கு பிடித்தால் ஐஏடி, சிறுசேரி இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். பிடிக்காவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு படிப்பு பார்க்கலாம்.