நாத்தனார் பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள்!

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மே மாதம் பதினைந்து நாளைக்கு என் நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேர் சென்னையிலிருந்தும், என் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். பதினொன்று, எட்டு, ஆறு வயது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லை. கூடவே மாமியார் இருக்கிறார். என்ன சமைப்பது, எப்படிப் பொழுதைப் போக்குவது, சேட்டை செய்தால் கண்டிக்கலாமா என்று இப்போதே கலக்கமாக இருக்கிறது.

பதில்: பொழுதுபோக்குக் கவலையை விடுங்கள், மூன்று வாண்டுகள் சேர்ந்தால் பொழுது தானாகப் போய்விடும். உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. தண்ணீர். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் படியில் பாசி, எங்கே சேறு என்று தெரியும். சென்னைப் பிள்ளை டைல்ஸ் போட்ட, தரை தெரிகிற குளத்தில் வகுப்புக்குப் போய்ப் பழகியிருக்கும், "எனக்கு நீச்சல் தெரியும் அத்தை" என்று அடித்துச் சொல்லும், அந்தப் பிள்ளையிடம்தான் நீங்கள் அதிகம் உஷாராக இருக்க வேண்டும். மே மாதம் பாமணியாற்றில் மணல்தானே கிடக்கிறது என்பீர்கள். மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் அதில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், மேலே பார்த்தால் தெரியாது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பதுதான் வழக்கம் என்றாலும் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்து, மூன்றே நாளில் கல்லணையையும் திறந்துவிட்டார்கள், அதனால் காய்ந்த ஆறு என்று விட்டுவிடாமல் அணைச் செய்தியையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கிய அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பெரியவர் இல்லாமல் படித்துறைப் பக்கம் காலே வைக்கக்கூடாது. இன்றைக்கு மாமா, நாளைக்கு அத்தை என்று யார் பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், கரையில் நாலு பேர் பேசிக்கொண்டு நின்றால் ஆளுக்கு ஆள் மற்றவர் பார்க்கிறார் என்று இருந்துவிடுவார்கள். சின்னவன் இறங்கினால் கை எட்டும் தூரத்தில் நீங்களும் இறங்க வேண்டும். ஒரு பிள்ளை தடுமாறினால் இன்னொரு பிள்ளை குதிக்கக்கூடாது, கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், கயிறோ சேலையோ மூடி போட்ட காலி கேனோ எறிய வேண்டும். வெளியே எடுத்தபின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகப் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம், மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதவும் நெஞ்சை அழுத்தவும் தொடங்கி, 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். கொல்லைக் கிணற்றுக்குக் கம்பி வலை இல்லையென்றால் அவர்கள் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

சரி, கண்டிப்பு. அண்ணன் மகனை அதட்டினால் அண்ணன் சிரித்துவிட்டுப் போவார், நாத்தனார் பிள்ளையை அதட்டினால் அது மாமியார் காது வழியாக அன்று ராத்திரியே சென்னைக்குப் போய்ச் சேரும். அதனால் இப்போதே நாத்தனாருக்குப் போன் போட்டுப் பேசிவிடுங்கள். "அண்ணி, இங்கே மூணு பேருக்கும் ஒரே சட்டம்தான், செல்போன் ராத்திரி ஒரு மணி நேரம், சொல் பேச்சுக் கேட்கலைன்னா நானே சத்தம் போடுவேன், கை வைக்க மாட்டேன்" என்று மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பேசினால் இன்னும் நல்லது. அப்படியே வீசிங் உண்டா, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, காய்ச்சலுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சமையலில் மூன்று பேருக்கு மூன்று விதம் என்று ஆரம்பித்தால் தொலைந்தீர்கள். வீட்டில் என்ன உண்டோ அதுதான். முதல் இரண்டு நாள் மூக்கைச் சுளிப்பார்கள், அப்புறம் பழைய சோற்றுக்கும் மாவடுவுக்கும் சண்டை போடுவார்கள். குடிக்க மட்டும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள், நுங்கும் மோரும் வேண்டிய மட்டும்.

கத்திரி வெயில் காலம், பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரை வெளியே விடாதீர்கள். விடியற்காலையில் வேலை கொடுங்கள். வடாம் எப்படியும் போடுவீர்கள்தானே? மாமியார் கூழ் கிளறட்டும், பெரியவள் மொட்டைமாடியில் ஈர வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் கல் வைக்கட்டும், எட்டு வயசு கரண்டியால் வரிசையாக ஊற்றட்டும், கோணல் மாணலாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். சின்னவனுக்குப் பதினொரு மணி வரை குடைக்கடியில் காக்காய் விரட்டும் உத்தியோகம், சம்பளம் அரைகுறையாய்க் காய்ந்த வடாம், சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒரு ஓரம் முழுக்கக் காலியாக இருக்கும். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கிற வேலைக்கு மூன்று பேரும் அடித்துக்கொள்வார்கள். இதில் மாமியாருக்கும் ஆள் துணை, உங்களுக்கும் இரண்டு மணி நேரம் ஓய்வு.

ஊர் சுற்றல் ஒன்றிரண்டு போதும். பத்துக் கோயிலை ஒரே நாளில் காட்டி அலைக்கழிக்காமல், ஒரு சாயங்காலம் தாராசுரம் கூட்டிப் போங்கள். அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் இருக்கிறது, ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் தேடவிடுங்கள். மதியம் மட்டும் போய்விடாதீர்கள், கல் தரையில் கால் வைக்க முடியாது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ராத்திரி, பகலெல்லாம் ஆடிய அந்த ஆறு வயசு, அம்மா வேண்டும் என்று அழும். அப்போது வீடியோ கால் போட்டுக் கொடுக்காதீர்கள், முகத்தைப் பார்த்தால் அழுகை இரட்டிப்பாகும். பக்கத்தில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுங்கள், காலையில் பேசட்டும். காலண்டரில் ஊருக்குப் போகும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, நாளைக்கு ஒன்றாக அவன் கையாலேயே அடிக்கவிடுங்கள். அதற்கு உங்களுக்கே தேதி தெரிய வேண்டுமே, மே கடைசியில் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம், திரும்பும் டிக்கெட்டையும் இப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள்.