ஈலமிய மொழி தமிழுக்கு உறவா? ‘ஈலமிய-திராவிடக் குடும்பம்’ என்கிறார்களே, அது உண்மையா?

உறவு என்று நிறுவப்படவில்லை. இப்போதைக்கு ஈலமியம் உறவு தெரியாத தனிமொழி.

தென்மேற்கு ஈரானில் சூசா, அன்சான் நகரங்களை மையமாகக் கொண்ட அரசின் மொழி இது. அழிந்துபோய் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. 1856-இல் கால்டுவெல்லே, பாரசீகப் பேரரசன் தாரயவௌஷ் (டேரியஸ்) ஈரானில் மும்மொழியில் வெட்டிய பெஹிஸ்தூன் கல்வெட்டின் இரண்டாம் மொழியைத் திராவிடத்தோடு ஒப்பிட்டார். அது ஈலமியம்தான் என்பது பின்னால் தெளிவாயிற்று. 1974 முதல் மொழியியலாளர் டேவிட் மெக்ஆல்பின் இதை முழுக் கருதுகோளாக வளர்த்தார். 1981-இல் நூலாகவும் வந்தது.

நம்மவர்கள் பகிரும் ஒற்றுமைச் சொற்பட்டியலில் முதலில் நிற்பவை ‘அத்தா’ (தந்தை), ‘அம்மா’ (தாய்). இரண்டும் ஈலமியத்தில் உண்மையாகவே உள்ள சொற்கள், ‘அத்தன்’, ‘அம்மை’ நினைவுக்கு வரும். ஆனால் மழலைச் சொற்களை ஒப்பீட்டில் முதலிலேயே தள்ளிவிட வேண்டும். துருக்கியிலும் தந்தை ‘அதா’தான். ‘நீ’ என்பதற்கு ஈலமியத்தில் ‘நி’, ‘நு’. சீனத்திலும் ‘நீ’ என்றால் நீதான்! ஓரெழுத்துச் சொல் தற்செயலாக ஒத்துப்போவது மிக எளிது. நான்காம் வேற்றுமைக்கு நிகராக வரும் ‘இக்கி’ கொஞ்சம் கனமான சான்று. ஆனாலும் ஒற்றை உருபை வைத்துக் குடும்பம் கட்ட முடியாது.

இலக்கணத்தில்தான் விஷயம் இருக்கிறது. ‘சுன்கி’ என்றால் அரசன். ‘சுன்கி-க்’ அரசனாகிய நான்; ‘சுன்கி-ர்’ அரசனாகிய அவன்; ‘சுன்கி-ப்’ அரசர்கள். பெயர்ச்சொல்லே இடம் காட்டும் இந்த வழக்கம் நமக்குப் பழக்கமானது: அடியேன், அடியோம், நல்லேன், நல்லாய், நல்லன். குறிப்பு வினைமுற்று படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒத்திருப்பது அமைப்புதான், விகுதிகளின் ஒலி அல்ல. ஈலமிய ‘க்’-க்கு எதிரே தமிழ் ‘ஏன்’, ‘ர்’-க்கு எதிரே ‘அன்’. ஒலிமாற்ற விதி சொல்லி இணைக்காதவரை இது உறவுச் சான்றாகாது. அப்படி மெக்ஆல்பின் வகுத்த விதிகளில் பலவும் ஒலியியல் அடிப்படையின்றித் தேவைக்கேற்ப அமைத்தவை என்பதுதான் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி போன்ற திராவிட மொழியியலாளர்களின் மறுப்பு.

வினையையும் பாருங்கள். ‘ஹுத்தா’ என்றால் செய். ஹுத்தா-ஹ், ஹுத்தா-த், ஹுத்தா-ஷ்: செய்தேன், செய்தாய், செய்தான். பழந்தமிழ் ‘வருதி’யில் (வருகிறாய்) முன்னிலைக்கு ஒரு த் இருக்கிறதே என்று இழுக்கலாம், மற்ற இரண்டும் கைகொடுக்காது.

சொல் வரிசை இன்னும் விலகுகிறது. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் சோகா சன்பில் கோயில் வளாகத்தைக் கட்டிய ஈலமிய அரசன் உண்டாஷ் நபிரிஷா, அதன் செங்கற்களில் தன்னை ‘சுன்கி-க் அன்சான் சுஷுன்-கா’ என்கிறான்: ‘அரசன்-நான் அன்சான் சூசாவின்’. முதன்மைப் பெயர் முன்னே, ‘இன்’ உருபுக்குரிய பெயர்கள் பின்னே. அந்தத் தன்மை விகுதி ‘க்’ தொடரின் கடைசியிலும் திரும்ப வருகிறது. தமிழில் ‘அன்சான் சூசாவின் அரசன்’ என்று பெயரடை முன்னால்தான் நிற்கும்.

ஏன் முடிவுக்கு வர முடியவில்லை? மூலங்களின் குறைதான். செங்கல் கல்வெட்டுகள் ஒரே வாய்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்பவை. பாரசீகப் பேரரசின் தலைநகரான பெர்சிபொலிஸில் 1933-34-இல் கிடைத்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பெரும்பாலும் தானியம், மது, பயணிகளின் படி பற்றிய கணக்கு. ஒப்பீட்டுக்கு வேண்டிய உடலுறுப்பு, இயற்கை, அன்றாட வினைச் சொற்கள் சொற்பம். எண்களையும் பெரும்பாலும் குறிகளாகவே எழுதிவிட்டார்கள். போதாததற்கு, ஈலமியம் எழுதப்பட்ட ஆப்பெழுத்து (ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன எழுத்து) வேறொரு மொழிக்கு உருவானது; ஈலமிய எழுத்தர்கள் ப-வரிசையையும் (p) அதன் அதிர்வொலியையும் (b) மாற்றி மாற்றி எழுதினார்கள். அவர்கள் பேச்சில் ட, ழ போன்ற ஒலி இருந்திருந்தாலும் இந்த எழுத்தில் அது தெரியவே தெரியாது.

ஆகவே யாராவது பட்டியல் நீட்டினால், ஒரே ஒலி மாற்றம் குறைந்தது நான்கைந்து சொற்களில் மாறாமல் வருகிறதா என்று கேளுங்கள். ஈலமியச் சொல்லின் பொருள் அக்காடிய அல்லது பழம்பாரசீக இணைவாசகத்தால் (அதே செய்தி அம்மொழியிலும் எழுதப்பட்டிருப்பதால்) உறுதியானதா என்றும் கேளுங்கள். பெரும்பாலான பட்டியல்கள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.