வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டுமா?

எழுதுவோருக்கும் படிப்போருக்கும் உள்ள உறவைப் பற்றிச் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பியும் மிளகும் பயிரிடுகிறேன். விவசாயிகளுக்கான மாத இதழ் ஒன்றில் தோட்டக் குறிப்புகள் எழுதி வருகிறேன். வாசகர்கள் பலர் கடிதம் எழுதுகிறார்கள். பாதிப் பேர் நான் எழுதியதையே திரும்பக் கேட்கிறார்கள். பழம் பறிக்கும் காலத்தில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. எழுதிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்துவிடவில்லையா?
– தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: முடிந்துவிடவில்லை. காரணத்தை உங்கள் தோட்டத்திலிருந்தே சொல்லலாம். வறண்ட மாதங்களில் உறங்கிக் கிடக்கும் அராபிகா காப்பியின் மொட்டுகள், மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழையில் நனைந்த பிறகு எட்டு, பத்து நாள்களில் மலர்கின்றன என்பதையும், அந்த மழையோ அதைத் தொடர்ந்து வரவேண்டிய மழையோ தவறினால் காய் பிடிப்பது குறையும் என்பதையும் நீங்கள் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். ஆனால் மலையில் மழை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் பெய்வதில்லை. ஏரிப் பக்கம் கொட்டிய மழை நாகலூரைத் தொடாமலே போகலாம்; மஞ்சக்குட்டையில் ஒரு வாரம் கழித்துப் பெய்யலாம். "எங்கள் பக்கம் மழையே இல்லை, தெளிப்பு நீர் பாய்ச்சித்தான் பூ எடுத்தோம், இனி என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டால், அது கேள்வி மட்டுமன்று, உங்களுக்குக் கிடைத்த செய்தியும்கூட. உங்கள் தோட்டத்து மழைக் கணக்கு நோட்டு உங்கள் தோட்டத்துக்கு மட்டுமே பேசும். மற்றத் தோட்டங்களின் நோட்டுகள் அக்கடிதங்களாகத்தான் உங்கள் கைக்கு வருகின்றன.

எழுதியதையே திரும்பக் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறீர்கள். அந்தக் கடிதங்களைத்தான் முதலில் பிரிக்க வேண்டும் என்பது என் எண்ணம். காப்பிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுவதால், தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிடும்படி எழுதுகிறீர்கள். "எப்போது தேய்ப்பது?" என்று மூன்று ஊர்களிலிருந்து மூன்று பேர் கேட்டால், வண்டு வெளிவந்து பறக்கும் ஏப்ரல், மே மாதங்களுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவத்துக்கும் முன்பாகவே அதைச் செய்துவிட வேண்டும் என்ற செய்தி குறிப்பில் இல்லை, அல்லது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். பத்திரிகை ஆசிரியர்கூடக் கண்டுபிடிக்காத குறையை, தண்டின் முன்னால் நாரோடு நின்ற ஒருவர் கண்டுபிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் தபாலில் உங்களுக்கு அனுப்புகிறார்.

நேரத்துக்கு வழி உண்டு. ஒரே கேள்வியைக் கேட்டவர்களுக்கு அடுத்த மாதக் குறிப்பிலேயே, அவர்களுடைய ஊர்களைக் குறிப்பிட்டு, சேர்த்துப் பதில் சொல்லிவிடலாம். தனியாகப் பதில் தேவைப்படுவோருக்கு அஞ்சலட்டையே போதும். பறிப்புக் காலத்தில் பதில் தாமதமாகும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் தோட்டக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களும் அதே பறிப்பில்தான் இருப்பார்கள்.

கேள்வி: புகழ்ந்து மட்டும் எழுதுகிறவர்களுக்கு?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: நன்றி என்று ஒரு வரி. திருத்தம் சொன்னவருக்கு எழுதி முடித்த பிறகு.

கேள்வி: சேலத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினேன். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வேலை செய்யும் ஒருவர், "நீ ஒரு நாளாவது பட்டறையில் உட்கார்ந்திருக்கிறாயா?" என்று ஒருமையில் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட வாசகரையும் மதிக்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: அவர் ஒருமையில் எழுதியதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அவர் கேட்டதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெள்ளியை உருக்குவது, கம்பி இழுப்பது, வளையங்களைக் கோப்பது, பொடி வைத்துப் பற்றவைப்பது, மெருகு போடுவது என்று ஒரு கொலுசு பல கைகளைக் கடந்து கடைக்கு வருகிறது. கடைக்காரரிடம் மட்டும் பேசிவிட்டு எழுதிய கட்டுரையில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் தம்மைத் தேடிப் பார்த்துக் காணாவிட்டால், கோபம் வருவது இயல்பே.

இதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1849, 1850 ஆண்டுகளில் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டபோது, மிஸ் மௌச்சர் என்ற குள்ளமான பெண்ணைச் சற்று இழிவாகச் சித்திரித்தார். கால் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டிருந்த, அதே போன்ற உடலமைப்புடைய ஜேன் சீமோர் ஹில் என்ற பெண்மணி, அது தம்மையே குறிக்கிறது என்று மனம் நொந்து அவருக்கு எழுதினார். டிக்கன்ஸ் வருத்தம் தெரிவித்ததோடு நிற்காமல், மௌச்சர் மீண்டும் வரும் பகுதியில் அவரை நல்ல உள்ளம் படைத்தவராக மாற்றி எழுதினார். கதை கெட்டுவிடவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது இதைவிட எளிது: பட்டறைக்கு வந்து பார்க்க விரும்புவதாக அவருக்கு எழுதுங்கள். அவர் அழைத்தால் இரண்டாவது கட்டுரைக்குப் பொருள் கிடைக்கும். கேள்வி எதுவுமின்றி வசவு மட்டுமே உள்ள கடிதம் வேறு வகை. அதற்கு மறுமொழி எழுதி மையை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: வாசகரைக் கேட்டுக் கேட்டு எழுதினால் எழுத்து கெட்டுப்போகாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்

பதில்: வாசகருக்குப் பதில் சொல்வது ஒன்று, அவருக்குப் பணிந்துபோவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் எழுத்தாளர்களில் சிலர் கடிதமென்றாலே முகம் சுளிக்கிறார்கள். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் இருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 'விமோசனம்' இதழில் உழைத்த கல்கியைப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாகவும், பாத்திரங்கள் பலரின் கதி தெரியவில்லை என்றும் வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர் கதையை இன்னும் சில மாதங்கள் இழுத்திருக்கலாம். தொடரை வெளியிட்ட 'கல்கி' இதழின் விற்பனைக்கும் அது நல்லதாகவே இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், தாம் முடித்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டு, முடிவுரை ஒன்று எழுதி அவர்களுடைய கேள்விகளுக்கு அதில் விடை சொன்னார். அந்த முடிவுரையை ஐந்தாம் பாகத்தின் இறுதியில் இன்றும் படிக்கலாம்.