நாடா யாருடையது? ராப் ஆல்பங்கள் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: அமெரிக்க ராப் பாடகர் ஸ்னூப் டாகின் ஆல்பங்களை வரிசையாகச் சேகரித்து வருகிறேன். 2000-இல் வந்த 'டெட் மேன் வாக்கின்' அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடப்பட்டது என்கிறான் என் நண்பன். குரலும் பெயரும் அவருடையவையாக இருக்க, அவரைக் கேட்காமல் எப்படி வெளியிட முடிந்தது? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. குரல் ஸ்னூப்புடையது, அது பதிவான நாடா அவருடையதல்ல. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை இரண்டு சொத்துகளாகப் பார்க்கிறது. வரிகளும் மெட்டும் ஒன்று. ஒலிக்கூடத்தில் பதிவான மூல ஒலிப்பதிவு, அதாவது துறையினர் 'மாஸ்டர்' என்று சொல்வது, மற்றொன்று. புதுப் பாடகர் ஒருவர் லேபிளுடன், அதாவது ஆல்பங்களை வெளியிடும் இசை நிறுவனத்துடன், கையெழுத்திடும் வழக்கமான ஒப்பந்தத்தின்படி, ஒப்பந்தக் காலத்தில் அவர் பதிவு செய்யும் எல்லா மாஸ்டர்களும், வெளிவந்தவையானாலும் கிடப்பில் போடப்பட்டவையானாலும், லேபிளுக்கே சொந்தம். வரிகளை எழுதியவர் என்ற முறையில் முதல் வெளியீட்டுக்கு அவருடைய அனுமதி தேவைதான். ஆனால் அதையும் அதே ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவார்கள்.

ஸ்னூப் 1998-இல் டெத் ரோ என்ற லேபிளை விட்டு நோ லிமிட் என்ற லேபிளுக்குப் போனார். ஆள் போனாலும் நாடாக்கள் போகவில்லை. மிச்சமிருந்த பதிவுகளைத் திரட்டி டெத் ரோ 2000 அக்டோபர் 31-இல் வெளியிட்டதுதான் நீங்கள் வைத்திருக்கும் ஆல்பம். ஸ்னூப்பின் சொந்தப் புது ஆல்பமான 'தா லாஸ்ட் மீல்' டிசம்பர் 19-இல் வருவதாக இருந்தது. ஏழு வாரம் முந்திக்கொண்டதை யாரும் தற்செயல் என்று நினைக்கவில்லை.

இந்த நிறுவனத்துக்கு அது புதிய தந்திரமும் அல்ல. 1996-இல் டெத் ரோவிலிருந்து பிரிந்து போன ராப் பாடகரும் தயாரிப்பாளருமான டாக்டர் ட்ரே தம் அடுத்த ஆல்பத்துக்கு 'க்ரானிக் 2000' என்று பெயரிடப்போவது தெரிந்ததும், 1999 மே மாதத்தில் டெத் ரோ அதே பெயரில் ஒரு தொகுப்பை இறக்கியது. ட்ரே தம் ஆல்பத்தை '2001' என்று மாற்றிக்கொண்டு அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டார். விடுவார்களா? தா டாக் பவுண்ட் என்ற ராப் குழுவின் பழைய பதிவுகளை அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமலே திரட்டி, 2001-இல் '2002' என்ற தலைப்பில் விற்றார்கள்!

2006-இல் டெத் ரோ திவாலானது. 2009-இல் வைட்அவேக் என்ற கனடா நிறுவனம் 1.8 கோடி டாலருக்கு அதை வாங்கி, அதே ஆண்டில் ஸ்னூப்பின் இன்னொரு 'தொலைந்த பதிவுகள்' ஆல்பத்தை வெளியிட்டது. பிறகு சொத்து கைமாறிக் கைமாறி, சில காலம் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்திடம் கூட இருந்தது. 2022 பிப்ரவரியில் டெத் ரோவை ஸ்னூப்பே விலைக்கு வாங்கினார். ஆக, தாம் பாடியதைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவர அவர் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: இப்படிப்பட்ட ஆல்பங்கள் ராப் இசையில் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: ராக் இசையிலும் உண்டு. ஆனால் ராப் பதிவாகும் விதமே இதற்கு வசதி செய்து கொடுக்கிறது. தொண்ணூறுகளின் ஒலிக்கூடங்களில் பயன்பட்ட இரண்டு அங்குல அகல நாடாவில் 24 தடங்கள் இருக்கும். டிரம், பேஸ், குரல், பின்னணியில் வரும் கூச்சல் எல்லாம் தனித்தனித் தடங்கள். குரல் தடத்தை மட்டும் உருவி எடுத்து, அதே வேகத்தில் ஓடும் வேறொரு பீட்டின் (தாள இசையின்) மேல் வைத்தால் புதுப் பாட்டு தயார். சுருதியோடு இழைத்துப் பாடும் பாட்டை இப்படி இடம் மாற்றினால் ஓரிரு வரியிலேயே பொருந்தாமை தெரிந்துவிடும். தாளத்தோடு பேசும் ராப்பில் அவ்வளவு எளிதில் தெரியாது. பாடகர் தூக்கிப்போட்ட அரைகுறைச் சரணத்தைக் கூட, பாதியில் வேறொரு பாடகரை விருந்தினராக நுழைத்து நாலு நிமிடப் பாட்டாக்கிவிடலாம். எனக்கு உறுத்துவது இதுதான். கரட்டுப் பிரதியை அப்படியே வெளியிட்டால் ரசிகர் அதைக் கரட்டுப் பிரதியாகவே கேட்பார். அதற்கு மெருகு பூசி முழுப் பாட்டாக விற்கும்போது, மட்டமான ரசனை என்ற பழி பாடியவர் தலையில் விழுகிறது.

ராப் பாடகர் டூபாக் ஷகூர் கதையும் இதோடு சேர்ந்ததே. 1995 அக்டோபரில் நியூயார்க் மாநிலச் சிறையில் இருந்தபடி, கையால் எழுதிய மூன்று பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அவர் டெத் ரோவில் சேர்ந்தார். 14 லட்சம் டாலர் ஜாமீனில் வெளியே வந்த கையோடு ஒலிக்கூடத்துக்குப் போனார். மறு ஆண்டு செப்டம்பரில் அவர் கொல்லப்பட்டபோது வெளிவராத பாட்டுகள் நூற்றுக்கும் மேல் மிஞ்சியிருந்தன. அவற்றுக்காக அவருடைய தாய் அஃபெனி ஷகூர் டெத் ரோவுடன் வழக்காடி உரிமை பெற்றார். 1997 நவம்பரில் வந்த 'ஆர் யூ ஸ்டில் டவுன்?' அவர் மேற்பார்வையில் வெளியான முதல் தொகுப்பு. தாயின் ஒப்புதல் இருந்தது, உண்மைதான். ஆனால் அது மகனின் ஒப்புதலாகுமா என்றால், என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

கேள்வி: கலைஞர் இதை முன்கூட்டியே தடுக்க வழி உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: எந்த நாடு என்பதைப் பொறுத்தது. பிரான்சில் ஒரு படைப்பை முதன்முதலில் உலகுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை படைத்தவருக்கே உண்டு என்று சட்டம் சொல்கிறது. அமெரிக்காவில் படைப்பாளியின் தார்மீக உரிமைக்காக 1990-இல் வந்த சட்டம் ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக் கலைகளோடு நின்றுவிட்டது, இசைக்கு இடமில்லை. ஆகவே அங்கே எல்லாம் ஒப்பந்தத்தின் வாசகத்தில்தான் இருக்கிறது. டாக்டர் ட்ரே 1996-இல் டெத் ரோவை விட்டுப் பிரியும்போது எழுதிய உடன்படிக்கை, அன்று விற்பனையில் இருந்த வடிவங்களில் மட்டுமே அவருடைய 'தி க்ரானிக்' ஆல்பத்தை விற்க அனுமதித்தது. வைட்அவேக் அதை இணையத்தில் விற்கப்போக, அந்த உரிமை அதற்கு இல்லை என்று 2011-இல் நீதிமன்றம் சொன்னது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு வாசகம் அவரைக் காப்பாற்றியது.

அமெரிக்கப் பாடகர் ஆண்டர்சன் பாக் வேறு வழியில் போனார். தாம் இறந்த பிறகு தம் பெயரில் ஆல்பமோ பாட்டோ வெளியிட வேண்டாம், அவை வெறும் மாதிரிப் பதிவுகள் என்று 2021-இல் முன்கையில் பச்சை குத்திக்கொண்டார். அந்தப் பச்சை உயிலாகாது. அவருடைய மாஸ்டர்கள் யாரிடம் இருக்கின்றனவோ, அவர்கள் மனம் வைத்தால்தான் அது செல்லும்.