ஒரே நாளில் ஐந்து இடம்: வேன் ஏறுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: "அரசர் கோட்டைகளும் பழைய ஊர்களும்" என்று ஒரு நாள் சுற்றுலா விளம்பரம் வந்திருக்கிறது. வேலூர்க் கோட்டை, ஆற்காடு நவாப் அரண்மனை, ஆரணி அரண்மனை, செஞ்சி, படவேடு. கைடு, மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,950 ரூபாய். காலை 7 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பலாமாம். எழுபது வயது அம்மாவையும் கூட்டிப் போகலாமா? (வாசகி, காட்பாடி)

பதில்: விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வேலூர், ஆற்காடு, ஆரணி, செஞ்சி போய், ஆரணி, படவேடு வழியாகத் திரும்பினால் ஏறக்குறைய 230 கி.மீ. ஊருக்கு ஊர் வேகத்தடையும் சந்தை நெரிசலும் உள்ள சாலையில் வேன் மணிக்கு 40 கி.மீ. போனாலே பெரிது. பயணத்துக்கே ஆறு மணி நேரம் சரியாகிவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒன்றே கால் மணி. பதின்மூன்று மணி நேரத்தில் மிச்சம் ஐந்தே முக்கால். செஞ்சியில் ராஜகிரி மலைக்கோட்டை ஏறி இறங்க மூன்று மணி நேரம், கீழ்க்கோட்டைக்கு ஒரு மணி. மற்ற நான்கு இடங்களுக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது. கூட்டத்தை இறக்கி, எண்ணி, மறுபடி ஏற்றுவதற்கே அது போய்விடும்.

ஆகவே ஏதோ ஒன்றைக் கழற்றிவிடுவார்கள். பெரும்பாலும் அது ராஜகிரிதான். விளம்பர வரிசைப்படி போனால் செஞ்சி வாசலை மிதிக்கும்போது உச்சி வெயில். பிற்பகலில் மலையேறுவதைக் காவலாளிகளே நிறுத்திவிடுவார்கள். "மேலே விடமாட்டேங்கறாங்க சார், நாங்க என்ன பண்றது" என்று டூர்காரர் கையை விரிப்பார். சரியான வரிசை தலைகீழ்: காலை 6 மணிக்குக் கிளம்பி நேரே செஞ்சி, கோட்டை திறக்கும் 9 மணிக்கு வாசலில் இருப்பது. இப்படி வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் பார்த்துக்கலாம்" என்று மழுப்பினால், அந்த ஆள் செஞ்சி மலையை ஏறிப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, விளம்பரத்தில் உள்ள "அரண்மனை". ஆற்காட்டில் நவாப் அரண்மனை என்று நுழைந்து பார்க்க முழுக் கட்டடம் ஏதும் நிற்கவில்லை. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. 1751-ல் ராபர்ட் கிளைவ் உள்ளே இருந்தபடி முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிஞ்சிய வாசல் அது. நின்று பார்க்க இருபது நிமிடம் போதும். ஆரணிப் பக்கம் ஜாகிர்தார்கள் கட்டிய எஸ்.வி.நகரம் அரண்மனையும் பூசிமலைக்குப்பம் மாளிகையும் சிதிலமாகிக் கிடக்கின்றன. உள்ளே விடுவார்களா, வெளியிலிருந்தே காட்டுவார்களா என்று கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் இருக்கும் ஒவ்வொரு படமும் எந்த இடம் என்றும் கேளுங்கள். செஞ்சிக் கல்யாண மகாலின் படத்தைப் போட்டு ஆற்காடு என்று எழுதியிருந்தால், நுகர்வோர் சட்டப்படி அது தவறான விளம்பரம்.

"நுழைவுக் கட்டணம் உட்பட" என்ற வரிக்கு மயங்க வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் போகக் கட்டணம் கிடையாது. டெல்லி கேட்டுக்கும் இல்லை. செஞ்சியில் தொல்லியல் துறை டிக்கெட் இந்தியர்களுக்கு 25 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குச் சிறு கட்டணம் உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை.

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம், மலைக்கு மட்டும் வேண்டாம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உயரமான கற்படிகள், உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவைக் கடக்க ஒரு பாலம், வழியில் குடிநீர் இல்லை. கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு விடாது. கல்யாண மகால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் அடிவாரத்திலேயே இருக்கின்றன. நீங்கள் ஏறி இறங்கும்வரை அம்மா நிழலில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வேன் அதுவரை அங்கேயே நிற்குமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எங்களைக் கேட்டால், செஞ்சியும் படவேடும் ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும். வேலூர்க் கோட்டையையும் ஆற்காட்டையும் இன்னொரு நாள் அரை நாளில் டவுன் பஸ்ஸிலேயே பார்த்துவிடலாம், அதற்கு டூர் எதற்கு? சம்புவராயர்களின் தலைநகராக இருந்த படவேடு இன்று சவ்வாது மலையடிவாரக் கிராமம். ரேணுகாம்பாள் கோயில் மதியம் நடை சாத்தும் நேரத்தைத் தவிர்த்து, மாலையில் போங்கள். ஆடி வெள்ளியில் இந்தத் திட்டமே வேண்டாம், வண்டி ஊருக்குள் நுழையாது.

கேள்வி: செஞ்சிக்கு டெம்போ டிராவலர் எடுத்தோம். கி.மீ.க்கு 24 ரூபாய், குறைந்தது 250 கி.மீ., டிரைவர் பேட்டா 600 என்று பேச்சு. வீட்டிலிருந்து வீடு வரை 206 கி.மீ.தான் ஓடியது. பில்லில் 310 கி.மீ., கூடவே டோல். நியாயமா? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: வண்டியின் ஷெட் ஆம்பூரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேதான். ஷெட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு 52 கி.மீ., திரும்ப 52. 206-உடன் 104 சேர்ந்தால் 310. "ஷெட் டு ஷெட்" என்பது வாடகை வண்டித் தொழிலில் நெடுநாள் வழக்கம், அதுவே ஏமாற்று அல்ல. பேசும்போது அதைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. நீங்கள் எதிர்பார்த்தது 250 × 24 = 6,000, பேட்டாவோடு 6,600. வந்தது 7,440, பேட்டாவோடு 8,040. வித்தியாசம் 1,440 ரூபாய், டோல் தனி.

டோலை நன்றாகப் பாருங்கள். பில்லில் இருப்பது பள்ளிகொண்டா சுங்கச்சாவடி. அது வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருப்பது. நீங்கள் போன செஞ்சிப் பாதையிலேயே இல்லை. காலி வண்டி உங்களிடம் வந்த டோலையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியில் சாவடியின் பெயரும் நேரமும் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வண்டியில் ஏறுவதற்கு முந்தைய நேரமாக இருந்தால் அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லலாம்.

இனிமேல் வண்டி பேசும்போது ஷெட் எந்த ஊர் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும். இரண்டாவது, "ஏறும் இடம் முதல் இறங்கும் இடம் வரை" என்று கணக்கிடுவார்களா? மாட்டோம் என்றால், ஒரு கி.மீ.க்கு இரண்டு ரூபாய் அதிகம் கேட்டாலும் உள்ளூர் வண்டியே மலிவு. உங்கள் கணக்கிலேயே பாருங்கள்: 26 ரூபாய் வீதம் 250 கி.மீ. என்றாலும் 6,500-தான். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்து, டிரிப் ஷீட்டில் டிரைவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சந்திரகிரிக் கோட்டைக்குப் போகக் கார் பேசினோம். ஆந்திர பெர்மிட் செலவு தனி என்கிறார். வெள்ளை போர்டு கார் என்றால் அந்தச் செலவே இல்லையாம். எது நல்லது? (வாசகர், குடியாத்தம்)

பதில்: வெள்ளை போர்டு வேண்டவே வேண்டாம். வாடகைக்கு ஓட்ட அந்த வண்டிக்கு அனுமதி இல்லை. எல்லைச் சோதனைச் சாவடியில் பிடித்தால் உங்கள் பயணம் அங்கேயே முடியும், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யும். மஞ்சள் போர்டிலும் அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ளதா, தமிழ்நாட்டுக்கு மட்டுமா என்று கேளுங்கள். பின்னதானால் தற்காலிக பெர்மிட்டும் வரியும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் முன்கூட்டியே கட்டிவிடலாம். ரசீதைப் பார்த்து அந்தத் தொகையை மட்டும் கொடுங்கள். ராஜ மகாலில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பெனுகொண்டாவுக்குப் பின் சந்திரகிரியும் அதன் பின் வேலூரும் விஜயநகர அரசர்களின் தலைநகரங்களாக இருந்தவை. வேலூர்க் கோட்டையை முதலில் பார்த்துவிட்டுப் போனால் ரசிக்க நன்றாக இருக்கும்.

கேள்வி: "கைடு உண்டு" என்றார்கள், டிரைவரே கதை சொன்னார். திப்பு சுல்தானை வேலூரில் சிறை வைத்ததாகவும் சொன்னார். (வாசகி, ராணிப்பேட்டை)

பதில்: திப்பு 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்துவிட்டார். வேலூரில் வைக்கப்பட்டது அவருடைய குடும்பம். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின்போதும் அவர்கள் கோட்டைக்குள்தான் இருந்தார்கள். முன்பதிவு செய்யும்போதே போனில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே கைடின் தரம் தெரிந்துவிடும். சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரா, எந்த மொழியில் பேசுவார், எத்தனை பேருக்கு ஒருவர் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கைடுக்கென்று பணம் வாங்கிக்கொண்டு ஆளே வரவில்லை என்றால் அந்தப் பங்கைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: நான்கு பேருக்கு 6,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். ஆள் சேரவில்லை என்று இரண்டு நாள் முன்னால் அவர்களே டூரை ரத்து செய்தார்கள். "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் இருக்கிறதாம், வேறு தேதிக்கு வரச் சொல்கிறார்கள். (வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: அந்த வரி நீங்களாக ரத்து செய்தால் பேச வேண்டியது. அவர்கள் ரத்து செய்துவிட்டுப் பணத்தைப் பிடித்து வைப்பது சேவைக் குறைபாடு. வேறு தேதியை ஏற்பது உங்கள் விருப்பம்தான். "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள், பிறகு அதையே சம்மதமாகக் காட்டுவார்கள். பணம்தான் வேண்டும் என்று தேதியோடு எழுதி அனுப்பி, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் கொடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சிறு தொகைகள் பலவும் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடும்.

வரவில்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். விளம்பரத்தின் படம், யூபிஐ பரிவர்த்தனை எண், ரசீது, ரத்து செய்வதாக வந்த செய்தி, நோட்டீஸின் தபால் ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். குரல் செய்தியாக வந்ததை எழுத்தில் பெயர்த்து வைப்பது நல்லது, ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டாம்.